எந்த ஷேர்டு மெமரியைக் கேட்கிறீர்கள்?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக் கல்லூரிகளில் பேரலல் கம்ப்யூட்டிங் பாடத்துக்குப் பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கும், கேள்வித்தாள் எடுப்பவர்களுக்கும், விடைக்குறிப்பு எழுதுபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். காட்பாடி காந்தி நகரில் மாடி அறை ஒன்றில் மாலை வகுப்பு எடுக்கிறேன். உங்கள் கல்லூரிப் பிள்ளைகள்தான் வருகிறார்கள். குடியாத்தம், ஆற்காடு, வாணியம்பாடி, பள்ளிகொண்டா என்று நாலா பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். பகலில் நீங்கள் நடத்தியதை மாலையில் நான் திரும்ப நடத்துகிறேன். அதனால் உங்கள் கேள்வித்தாள்களை உங்களுக்கு அடுத்தபடியாக அதிகம் புரட்டுபவள் நானாகத்தான் இருப்பேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பேரலல் கம்ப்யூட்டிங்கில் (ஒரே வேலையைப் பல பிராசஸர்கள் பகிர்ந்துகொண்டு ஒரே நேரத்தில் செய்வது) ஒரே சொல் இடத்துக்கு இடம் வேறு வேறு பொருளில் புழங்குகிறது. இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. அறுபது வருடமாகப் பல நிறுவனங்களும் ஆய்வுக்கூடங்களும் தனித்தனியே வளர்த்த துறை இது. ஆளாளுக்குப் பேர் வைத்தார்கள். ஆனால் நம் கேள்வித்தாளில் அந்தச் சொல் ஊர் பேர் இல்லாமல் தனியாக வந்து நிற்கிறது. அதற்கு ஒரு பதில்தான் சரி என்று விடைக்குறிப்பு அடித்துச் சொல்கிறது. என் வழக்கு இது ஒன்றுதான்.

"ஷேர்டு மெமரி என்றால் என்ன?" இரண்டு மதிப்பெண் கேள்வி. எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை. குடியாத்தத்திலிருந்து வரும் ஒரு பெண் இப்படி எழுதினாள்: "ஒரு பிளாக்கில் உள்ள த்ரெட்கள் மட்டும் பகிர்ந்துகொள்கிற, சிப்புக்குள்ளேயே இருக்கிற, வேகமான சின்ன நினைவகம்." த்ரெட் என்பது இங்கே நிரலின் ஒரு தனி ஓட்டம், பிளாக் என்பது அவற்றின் ஒரு கூட்டம். கிடைத்தது முட்டை. விடைக்குறிப்பில் இருந்தது வேறு: எல்லா பிராசஸர்களும் ஒரே முகவரிப் பரப்பில் அணுகும் பொது நினைவகம்.

இரண்டுமே சரி. ஒரே கணினியின் பல கோர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் ஓபன்எம்பி முறையில் நிரல் எழுதுகிறவருக்கு ஷேர்டு மெமரி என்றால் கணினியின் முதன்மை நினைவகம். ஜிகாபைட் கணக்கில் இருக்கும், எல்லா கோருக்கும் தெரியும். பிராசஸ்கள் செய்தி அனுப்பிப் பேசிக்கொள்ளும் எம்பிஐ உலகத்தின், ஆளுக்கொரு தனி நினைவகமான டிஸ்ட்ரிபியூட்டட் மெமரிக்கு எதிர்ப்பதமாக அதைச் சொல்வார்கள். கிராஃபிக்ஸ் சிப்பில், அதாவது ஜிபியுவில், நிரல் ஓட்ட உதவும் என்விடியாவின் கூடாவில் (எழுத்தில் பார்த்தால் 'செய்யக் கூடாது' மாதிரி இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்) அதே பெயர் ஒரு குட்டி நினைவகத்துக்கு. கூகுள் கோலாபில் நம் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் டி4 என்ற ஜிபியு கார்டில், ஒவ்வொரு ஸ்ட்ரீமிங் மல்டிபிராசஸருக்கும் (கார்டுக்குள் கணக்குப் போடும் அலகுகளின் தொகுதி) அது அதிகபட்சம் 64 கிலோபைட். பக்கத்து பிளாக்கின் த்ரெட் பொதுவாக அதை எட்டிக்கூடப் பார்க்க முடியாது. முதல் பொருளில் எல்லாருக்கும் தெரிவது ஷேர்டு. இரண்டாவது பொருளில் வெளியே யாருக்கும் தெரியாதது ஷேர்டு. போன செமஸ்டர் ஆபரேட்டிங் சிஸ்டம் தாளில் அந்தப் பெண் மூன்றாவதாக ஒன்றும் படித்திருக்கிறாள். அங்கே ஷேர்டு மெமரி என்பது இரண்டு பிராசஸ்கள் பேசிக்கொள்வதற்காகக் கேட்டு வாங்கும் ஒரு துண்டு நினைவகம்.

லோக்கல் மெமரி இதைவிட மோசம். கூடாவில் ஷேர்டு மெமரி என்று சொன்னோமே, ஏறக்குறைய அதே சில்லு நினைவகத்துக்கு, பல நிறுவனச் சிப்களுக்கும் பொதுவான ஓபன்சிஎல் என்ற நிரல் தரம் வைத்த பெயர் லோக்கல் மெமரி. கூடாவிலும் லோக்கல் மெமரி உண்டு. ஆனால் அது ஒரு த்ரெட்டுக்கு மட்டும் சொந்தமானது. ரெஜிஸ்டர் (சிப்புக்குள் இருக்கும் மிக வேகமான சேமிப்பிடம்) போதாமல் போகும்போது மதிப்புகள் போய் விழும் இடம். பெயர்தான் லோக்கல், இருப்பது சிப்புக்கு வெளியே, கார்டின் டிராமில். கேஷில் அகப்படாவிட்டால் நத்தை வேகம். அதாவது ஒரு பாடக்குறிப்பில் "வேகம் வேண்டுமா, லோக்கல் மெமரியில் வை" என்று இருக்கும். இன்னொன்றில் "லோக்கல் மெமரிக்குப் போகாமல் பார்த்துக்கொள்" என்று இருக்கும். இரண்டையும் ஒரே ரெக்கார்ட் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு என்னிடம் வந்து "எது மிஸ் சரி?" என்று கேட்கிறார்கள். இரண்டு சாக்கெட் உள்ள சர்வரில் லோக்கல் மெமரி என்றால் அந்தந்த பிராசஸருக்கு நேரே மாட்டியிருக்கும் ரேம். அந்தப் பக்கம் நான் போகவே இல்லை.

கோர், த்ரெட் என்ற சொற்களுக்கு வருகிறேன். டி4 கார்டில் 2560 கூடா கோர் என்று விளம்பரம் சொல்கிறது. மடிக்கணினியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 4 கோர், 8 த்ரெட். "அப்படியென்றால் டி4 என் லேப்டாப்பை விட 640 மடங்கு பெரியதா?" என்று ஒரு பையன் கேட்டான். கணக்கு சரிதான், ஒப்பிட்ட பொருள்கள்தான் வேறு. சிபியு கோர் என்பது தானே கட்டளையை எடுத்து, பிரித்து, முடிவெடுத்து ஓடுகிற முழு இயந்திரம். கூடா கோர் என்பது அடிப்படையில் ஒரு கணக்குப் போடும் அலகு. ஏறத்தாழ சிபியு கோருக்கு நிகராக வைக்கக்கூடியது ஸ்ட்ரீமிங் மல்டிபிராசஸர். டி4-இல் அது 40 இருக்கிறது, ஒவ்வொன்றிலும் 64 கூடா கோர். ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு உள்ள சிபியு கோர் ஒரே கட்டளையில் எட்டு 32 பிட் எண்களைக் கையாளும். என்விடியா மாதிரி எண்ணினால் அதையும் எட்டு கோர் என்று விற்கலாம். இன்டெல் அப்படி எண்ணவில்லை. ஏஎம்டி தன் அலகுகளுக்கு ஸ்ட்ரீம் பிராசஸர் என்றும், அவற்றின் தொகுதிக்குக் கம்ப்யூட் யூனிட் என்றும் பெயர் வைத்துக்கொண்டது.

த்ரெட்டும் அப்படித்தான். ஆபரேட்டிங் சிஸ்டத்தில் த்ரெட் என்றால் தனக்கென ஸ்டாக் வைத்துக்கொண்டு தன் வழியில் ஓடுவது. 2002-இல் இன்டெல் கொண்டுவந்த ஹைப்பர்த்ரெடிங்கில் த்ரெட் என்பது ஒரு கோருக்குள் இரண்டு பேருக்கு இடம் கொடுக்கும் வன்பொருள் ஏற்பாடு. கூடாவில் 32 த்ரெட்கள் சேர்ந்து ஒரு வார்ப். குடியரசு தினத்தன்று நேதாஜி மைதானத்தில் காவலர் அணிவகுப்பு பார்த்திருப்பீர்கள். ஒரே ஒரு குரல், அத்தனை கால்களும் ஒன்றாக விழும். ஒருவருக்கு மட்டும் வேறு வேலை என்றால் மற்றவர்கள் நின்று காத்திருக்க வேண்டும். வார்ப் அந்த ரகம். ஏஎம்டியில் இதற்குப் பெயர் வேவ்ஃபிரண்ட். வெகுகாலம் 64 பேர் கொண்ட அணி, புதிய ஆர்டிஎன்ஏ கார்டுகளில் 32-ம் உண்டு. சரி, என்விடியாவுக்குள்ளாவது பொருள் நிலையாக நிற்கிறதா என்றால் அதுவும் இல்லை. 2017-இல் வோல்டா என்ற ஜிபியு தலைமுறை வந்தபோது ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனி புரோகிராம் கவுன்ட்டர் (அடுத்த கட்டளை எது என்று குறித்து வைப்பது) கொடுத்துவிட்டார்கள். அதற்கு முன் "வார்ப்பில் எல்லாரும் எப்போதும் ஒரே அடியில்தான் இருப்பார்கள்" என்று நம்பி எழுதிய நிரல்கள் தடுமாறின. ஒத்திசைவை வெளிப்படையாகக் கேட்டு வாங்கும் கட்டளை கூடா 9-இல் வந்தது அதனால்தான். ஆக, "வார்ப் லாக்ஸ்டெப்பில், அதாவது எல்லாரும் ஒரே அடியில், ஓடுமா?" என்ற கேள்விக்கு எந்த வருடத்துக் கார்டு என்று தெரியாமல் பதில் எழுத முடியாது. பல லேப் மேனுவல்களில் இன்னும் வோல்டாவுக்கு முந்தைய பதில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

கெர்னல் பற்றி ஒரே வரி போதும். ஒரே செமஸ்டரில் ஒரு தாளில் லினக்ஸின் மையம், ஒன்றில் ஜிபியுவில் ஓடும் ஃபங்ஷன், ஒன்றில் படத்தின் மேல் நகர்த்தும் 3×3 அணி.

நான் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்வது ஆம்டால், குஸ்டாஃப்சன் விஷயத்தில்தான். பிராசஸர்களைக் கூட்டினால் வேலை எத்தனை மடங்கு வேகமாகும் என்று கணிக்கும் இரண்டு விதிகள் அவர்கள் பெயரில் உண்டு. "இரண்டு விதிகளையும் ஒப்பிடுக" என்று பெரிய கேள்வியாக வந்துகொண்டே இருக்கிறது. பிள்ளைகள் எழுதுவது இதுதான்: ஆம்டால் 1967-இல் அவநம்பிக்கையாகச் சொன்னார், 1988-இல் குஸ்டாஃப்சன் அதை முறியடித்தார். முழு மதிப்பெண்ணும் விழுகிறது. 10 சதவீதம் சீரியல் பகுதி (பலருக்குப் பிரித்துக் கொடுக்க முடியாதது), 64 பிராசஸர் என்று கொடுத்தால், ஆம்டால் சூத்திரம் 8.77 மடங்கு வேகம் தரும், குஸ்டாஃப்சன் சூத்திரம் 57.7 தரும். "பார்த்தீர்களா, எவ்வளவு வித்தியாசம்!" என்று எழுதி அடிக்கோடும் போடுகிறார்கள்.

அந்த "சீரியல் பகுதி" என்ற சொல்தான் இங்கே காலை வாரிவிடுகிறது. ஆம்டாலின் 10 சதவீதம், வேலையை ஒரே பிராசஸரில் ஓட்டும்போது கடிகாரம் பார்த்து எடுத்தது. குஸ்டாஃப்சனின் 10 சதவீதம், அதை 64 பிராசஸரில் ஓட்டும்போது எடுத்தது. கரும்பலகையில் நான் போட்டுக் காட்டும் கணக்கு இது. 64 பிராசஸரில் வேலை 100 நிமிடம் ஓடுகிறது என்று வையுங்கள். அதில் 10 நிமிடம் சீரியல், 90 நிமிடம் பேரலல். அதே வேலையை ஒரே பிராசஸரில் ஓட்டினால் 10 கூட்டல் 90 பெருக்கல் 64, அதாவது 5770 நிமிடம். இப்போது சீரியல் பகுதி எத்தனை சதவீதம்? 5770-இல் 10. அரை சதவீதம்கூட இல்லை, 0.17 சொச்சம்தான். இந்த எண்ணை ஆம்டால் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், 57.7 வரும். யாரும் யாரையும் முறியடிக்கவில்லை. குஸ்டாஃப்சன் சொன்ன முக்கியமான விஷயம் வேறு: பெரிய இயந்திரம் கிடைத்தால் யாரும் பழைய சின்னக் கணக்கையே போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள், கணக்கையும் பெரிதாக்குவார்கள் என்பது. அது விடைக்குறிப்பில் கடைசி வரியாக இருந்தால் உண்டு.

ஸ்பீடப் (எத்தனை மடங்கு வேகம்) என்ற சொல்லும் "எதை விட?" என்று கேட்காதவரை காற்றில்தான் தொங்கும். எண்களை வரிசைப்படுத்தும் ஆட்-ஈவன் டிரான்ஸ்பொசிஷன் சார்ட் நிறைய லேப் மேனுவல்களில் இருக்கிறது. எட்டு பிராசஸரில் ஓட்டி, ஒரு பிராசஸரில் ஓடிய அதே ஆட்-ஈவனோடு ஒப்பிட்டால் அழகான எண் வரும். ஒரே பிராசஸரில் ஓடும், அதைவிட வேகமான வரிசைப்படுத்தும் முறையான குவிக்சார்ட்டோடு ஒப்பிட்டால், லட்சம் எண்களுக்கு அந்த எட்டும் சேர்ந்தும் தோற்றுப்போகும். இரண்டையுமே ஸ்பீடப் என்றுதான் சொல்கிறோம்.

செய்தியில் வரும் பெட்டாஃப்ளாப் (நொடிக்கு ஆயிரம் லட்சம் கோடி கணக்குகள்) கணக்கும் இந்த வகைதான். 2023-இல் உலகத் தரவரிசையில் 75-ஆம் இடம் பிடித்த புனே சி-டாக்கின் ஐராவத் சூப்பர்கம்ப்யூட்டருக்கு, அதிகாரபூர்வ அறிவிப்பிலேயே மூன்று எண்கள்: கலப்புத் துல்லியத்தில் 410 ஏஐ பெட்டாஃப்ளாப், இரட்டைத் துல்லியத்தில் உச்சமாக 13, அதே இரட்டைத் துல்லியத்தில் ஓட்டிக் காட்டியது 8.5. அறிவிப்பு ஒளிக்கவில்லை, மூன்றையும் தெளிவாகச் சொன்னது. "ஐராவத்தின் வேகம் என்ன?" என்று ஒற்றை வரியில் கேட்கிற நாம்தான் ஒளிக்கிறோம்.

அடுத்து பிளாக்கிங், அதாவது ஒரு அழைப்பு திரும்பும்வரை நிரல் அங்கேயே நிற்பது. எம்பிஐ பிராக்டிக்கலில் வழக்கமாக வரும் வைவா கேள்வி ஒன்று உண்டு: இரண்டு பிராசஸ்கள், இரண்டும் முதலில் எதிராளிக்குச் செண்ட், பிறகு ரிசீவ். மாட்டிக்கொள்ளுமா, கொள்ளாதா? "பிளாக்கிங் செண்ட் என்றால் எதிர்முனை பெற்றுக்கொள்ளும் வரை காத்திருக்கும்" என்று தலைகீழாகப் படித்த பிள்ளை, மாட்டிக்கொள்ளும் என்று சொல்லும். எக்ஸ்டர்னல் ஓட்டச் சொல்வார், நிரல் சட்டென்று முடிந்துவிடும். பிள்ளைக்கு முகம் செத்துப்போகும்.

ஆற்காட்டுப் பையன் ஒருவனை என் வகுப்பிலேயே இதை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். பத்து எண்கள் அனுப்பினான். என்டர் தட்டிய கையோடு இரண்டு பிராசஸும் "பெற்றேன்" என்று அச்சடித்துவிட்டு முடிந்துவிட்டன. அணியின் அளவைப் பத்து லட்சமாக மாற்றினான். ஒன்றும் வரவில்லை. கர்சர் மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் லேப்டாப் விசிறி இரைய ஆரம்பித்தது. இன்னொரு ஜன்னலில் டாப் கட்டளை போட்டுப் பார்த்தால் இரண்டு பிராசஸும் ஆளுக்கு நூறு சதவீதம் சிபியுவைத் தின்றுகொண்டிருந்தன. கன்ட்ரோல் சி அடித்துக் கொன்றான். பிறகு செண்டை எடுத்துவிட்டு எஸ்செண்ட் போட்டான். இப்போது பத்து எண்ணுக்கே மாட்டிக்கொண்டது.

நடந்தது இதுதான். எம்பிஐ தரத்தில் பிளாக்கிங் என்பதற்கு ஒரே ஒரு உறுதிமொழிதான்: அழைப்பு திரும்பி வந்தால், நீங்கள் அனுப்பிய பஃப்பரை (தரவு வைத்திருந்த நினைவிடத்தை) மீண்டும் பயன்படுத்தலாம். எதிர்முனை பெற்றதா இல்லையா என்பது அதில் கிடையாது. செய்தி சின்னதாக இருந்தால் எம்பிஐ நூலகம் அதை உள்ளே நகலெடுத்து வைத்துக்கொண்டு உங்களை விட்டுவிடும். பெரிதாக இருந்தால் எதிராளி ரிசீவுக்கு வரும்வரை நிறுத்திவைக்கும். எல்லைக்கோடு நூலகத்துக்கு நூலகம் மாறும். எதிர்முனை பெறத் தொடங்கும்வரை காத்திருப்பது சிங்க்ரனஸ் செண்ட், அதாவது எஸ்செண்ட். நம் விடைக்குறிப்புகள் பலவற்றில் ஒன்றின் வரையறை இன்னொன்றின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் அந்த விசிறிச் சத்தம் இருக்கிறதே, அது இன்னொரு பாடம். ஓஎஸ் தாளில் பிளாக் ஆன பிராசஸ் சிபியுவை விட்டுக்கொடுத்துத் தூங்கும் என்று படித்திருக்கிறார்கள். இங்கே பிளாக் ஆன பிராசஸ் கண்ணைக் கூட மூடாமல் செய்தி வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று சிபியுவைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. பெரும்பாலான எம்பிஐ நூலகங்கள் வழக்கமாக நடந்துகொள்ளும் விதம் இது.

இதெல்லாம் ஏன் நம் வட்டாரத்தில் கூடுதலாக உறுத்துகிறது என்றும் சொல்ல வேண்டும். என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவர்கள். ஒரு ஆங்கிலச் சொல் அவர்களிடம் வரும்போது வரையறையோடு கட்டிய பொட்டலமாகத்தான் வருகிறது. அதை அப்படியே மனப்பாடம் செய்வதுதான் பாதுகாப்பு என்று பள்ளி கற்றுக்கொடுத்திருக்கிறது. "இங்கே இதன் பொருள் வேறாக இருக்குமோ?" என்று சந்தேகப்படும் துணிச்சல் அவர்களுக்குத் தாமதமாகத்தான் வரும். அந்தத் துணிச்சல் எட்டிப் பார்க்கிற நேரத்தில் விடைக்குறிப்பு முட்டை போட்டால், அடுத்த முறை யோசிக்காமல் குறிப்பேட்டையே எழுதுவார்கள். பெங்களூரிலோ சென்னையிலோ நேர்முகத்தில் "எந்த த்ரெட்டைச் சொல்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பவரைத்தான் எடுப்பார்கள், நம் தேர்வு அந்தத் திருப்பிக் கேட்கும் பழக்கத்தை வெட்டிவிடுகிறது.

ஒரு குழு அமைத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே பொருள் என்று தீர்மானித்து அச்சடித்துக் கொடுத்தால் போதாதா என்று உங்களில் ஒரு பேராசிரியர் என்னிடம் கேட்டார். நல்ல எண்ணம்தான், எனக்கு உடன்பாடில்லை. என்விடியாவும் ஏஎம்டியும் நம் தீர்மானத்தைப் படித்துவிட்டா பெயர் வைக்கப் போகிறார்கள்? பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு போன பிள்ளை முதல் கையேட்டிலேயே விழுந்துவிடும். உலகமெங்கும் கணினிக் கட்டமைப்புக்குப் பாடநூலாக இருக்கும் ஹென்னசி, பேட்டர்சன் நூலே 2011-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஜிபியு சொற்களோடு மல்லுக்கட்டியிருக்கிறது. அவர்கள் தங்களுக்கென ஒரு பெயரை வைத்துக்கொண்டார்கள். பக்கத்திலேயே என்விடியா இதை என்னவென்று அழைக்கிறது, ஓபன்சிஎல் என்னவென்று அழைக்கிறது என்று அட்டவணை போட்டார்கள். சொல்லை அடக்க முயலவில்லை, அது எந்த ஊரில் எந்தப் பெயரில் திரிகிறது என்று குறித்து வைத்தார்கள். அந்த வழிதான் நமக்கும் நடக்கும்.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கேள்வியில் சொல்லோடு அதன் இடத்தையும் எழுதுங்கள். "ஷேர்டு மெமரி என்றால் என்ன?" என்பதற்குப் பதிலாக, "ஓபன்எம்பி நிரலில் ஷேர்டு மெமரி எது, கூடா நிரலில் எது? இரண்டாவதில் ஒரு த்ரெட் எழுதிய மதிப்பைப் பக்கத்து பிளாக்கின் த்ரெட் படிக்க முடியுமா?" என்று கேட்டால் இன்னும் இரண்டு வரிதான் கூடும். வன்பொருளைப் பற்றிய கேள்வியாக இருந்தால் வோல்டாவுக்கு முன்னா பின்னா என்பதையும் சேர்த்துவிடுங்கள். இடம் சொல்லாத கேள்வி ஏதாவது தப்பி வந்துவிட்டால், "கூடாவில்", "எம்பிஐயில்" என்று தானே இடத்தைச் சொல்லி அதற்குப் பொருத்தமாக எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம் என்று விடைக்குறிப்பின் தலைப்பிலேயே ஒரு வரி போடுங்கள். கட்டுக் கட்டாகத் தாள் திருத்தும்போது ஒவ்வொன்றுக்கும் நின்று யோசிக்க நேரம் இருக்காது என்று தெரியும். அதனால்தான் அந்த வரி குறிப்பிலேயே இருக்க வேண்டும் என்கிறேன்; திருத்துபவரின் நல்ல மனதை நம்பி விடக்கூடாது. பிளாக்கிங் மாதிரி விஷயங்களை இரண்டு மதிப்பெண் கேள்வியிலிருந்து எடுத்துவிட்டு லேபுக்கே தள்ளிவிடலாம். பத்து எண், பத்து லட்சம் எண், எஸ்செண்ட் என்று மூன்று முறை ஓட்டினால் போதும், ஜிபியுவும் வேண்டாம், பல கணினிகளைக் கோத்த கிளஸ்டரும் வேண்டாம்.

லேப் மேனுவலின் முதல் தாளாக வைக்கும்படி ஒரு அட்டவணை தயாரித்து வைத்திருக்கிறேன். இடப்பக்கம் பொருள், அதற்கு நேரே கூடா, ஓபன்சிஎல், ஓபன்எம்பி, எம்பிஐ, ஸ்லர்ம் (கிளஸ்டரில் வேலைகளைப் பங்கிட்டு ஓட்டும் மென்பொருள்) ஒவ்வொன்றும் அதை என்னவென்று அழைக்கிறது என்பது. ஸ்லர்மில் சிபியு என்பது சில கிளஸ்டர்களில் கோர், சிலவற்றில் ஹைப்பர்த்ரெட் என்பதால், கடைசிப் பத்தியை உங்கள் லேப் அமைப்புக்கு ஏற்ப நிரப்பிக்கொள்ளக் காலியாக விட்டிருக்கிறேன். திருச்சி என்ஐடியின் பரம் பொருள் சூப்பர்கம்ப்யூட்டர் போன்ற இயந்திரங்களில் வேலை ஓட்டிப் பழகியவர்கள் உங்களில் இருந்தால் அந்தப் பத்தியை என்னைவிட நன்றாக நிரப்புவார்கள். ஏஎம்டி பக்கம் எனக்குப் பழக்கம் குறைவு. அங்கே உள்ளதை ஒருமுறை சரிபார்த்துக் கொடுங்கள். கேட்கும் கல்லூரிக்கெல்லாம் நகல் தருகிறேன், பெயரும் போட வேண்டாம், காசும் வேண்டாம். அடுத்த செமஸ்டர் மேனுவல் அச்சுக்குப் போவதற்கு முன் சொல்லிவிட்டால் போதும்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு ஆசிரியை,
காந்தி நகர், காட்பாடி